ரோசா பஸ் மோட்டர்ஹோமில் ஜெனரேட்டர் சத்தம்: எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்க முடியாது

தம்பி கேட்டது சுருக்கமாக இது. மிட்சுபிஷியின் சிறிய பஸ்ஸான ரோசா, பழையது ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், சமையல் மேசை, குளியலறை எல்லாம் வைத்து மோட்டர்ஹோமாக மாற்றியிருக்கிறார். இலங்கை மலைநாட்டில் எல்ல, அப்புத்தளை, நுவரெலியா என்று வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களை ஏற்றிப் போகிறார். பின்பக்க லக்கேஜ் பெட்டிக்குள் 3 கே.வி.ஏ. பெற்றோல் ஜெனரேட்டர், சட்டத்தோடு வரும் திறந்த வகை. பெட்டிக்குள் ரெஜிஃபோமும் (வெள்ளைத் தெர்மோகோல்) முட்டை அட்டையும் ஒட்டியாயிற்று. சத்தம் குறைந்தபாடில்லை. உள்ளே படுப்பவர்களுக்குத் தூக்கமில்லை. பக்கத்து லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஆட்கள் வந்து ஏசிவிட்டுப் போகிறார்கள். இன்னும் என்ன ஒட்டலாம் என்று கேட்கிறார்.

எதுவும் ஒட்ட வேண்டாம். ஒட்டியதையும் இன்றைக்கே பிய்த்து எடுங்கள். ரெஜிஃபோம் சூட்டைத் தடுக்கும் பொருள், சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தை மறிக்க எடை வேண்டும். இரண்டு அங்குல ரெஜிஃபோம் ஒரு சதுர மீற்றர் ஒரு கிலோகூட வராது. அதே அளவு 18 மில்லிமீற்றர் பிளைவுட் 11 கிலோ வரும். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றுமே தவிர, எஞ்சின் சத்தத்தை எந்தப் பக்கமும் நிறுத்தாது. அதைவிட முக்கியம், இரண்டும் தீப்பிடிக்கும். சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளி ரெஜிஃபோம் இருந்தால் முதலில் உருகும், பிறகு கரும்புகையோடு எரியும். அந்தப் பெட்டிக்கு மேலே உங்கள் ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு ஜெனரேட்டரிலிருந்து சத்தம் பல வழியாக வெளியே வருகிறது: புகைக்குழாய் வழியாக, எஞ்சின் உடம்பிலிருந்து நேரே காற்றில், குளிர்விக்கும் காற்று போய்வரும் துவாரங்கள் வழியாக, அப்புறம் அதிர்வாக பஸ்ஸின் இரும்புக்குள் இறங்கி. பெரும்பாலானவர்கள் ஒரு வழியை மட்டும் அடைத்துவிட்டு, வித்தியாசமே இல்லை என்று கைவிடுகிறார்கள். டெசிபல் கணக்கு தெரிந்தால் ஏன் என்று புரியும். புகைக்குழாய் 70 டெசிபல், எஞ்சின் உடம்பு 70 டெசிபல் என்றால் கூட்டிவரும் சத்தம் 140 அல்ல, 73. இதில் எஞ்சின் உடம்பை முழுக்க அடக்கிவிட்டாலும் 70 மிஞ்சும். மூன்று டெசிபல் குறைந்தது சாதாரணக் காதுக்கு மட்டுமட்டாகத்தான் தெரியும். சத்தம் பாதியானது போலக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் இறங்க வேண்டும். ஆகவே எந்த வழி பெரியது என்று கண்டுபிடித்து, பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும். சிறியதிலிருந்து தொடங்கினால் காசும் போகும், மனமும் சலிக்கும்.

கண்டுபிடிக்க இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது சொல்லும் எண் நூறு வீதம் சரியாக இருக்காது. ஆனால் அதே போனில், அதே இடத்தில், முன்பும் பின்பும் அளந்தால் வித்தியாசம் சரியாகத் தெரியும். முதலில் ஜெனரேட்டரை வெளியே எடுத்து, பஸ்ஸிலிருந்து பத்து மீற்றர் தள்ளி மண்ணில் வைத்து ஓட்டுங்கள். கட்டிலில் படுத்துக் கேளுங்கள்; அங்கே வருவது காற்றில் மட்டும் வரும் சத்தம். அடுத்து பெட்டிக்குள் வைத்து, ஆனால் தரையில் முட்டாமல், பாதி காற்றடித்த டயர் டியூப் ஒன்றின் மேல் பலகை போட்டு அதன்மேல் ஜெனரேட்டரை வைத்து ஓட்டுங்கள். கதவு, யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். டியூப் மேல் வைத்ததும் உள்ளே இருந்த உறுமல் சட்டென்று இறங்கினால் உங்கள் முதல் எதிரி அதிர்வு. இறங்காவிட்டால் புகைக்குழாயைச் சந்தேகியுங்கள்.

திறந்த வகை ஜெனரேட்டரை பஸ் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் உள்ளே படுப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதிர்வுதான் என்பது என் கணிப்பு. பஸ் பொடி (உடற்கூடு) என்பது இரும்புச் சட்டத்தில் தகடு இழுத்துக் கட்டிய மத்தளம். ஒரு மூலையில் தட்டினால் முழுதும் முழங்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதற்காக இந்தச் சிறிய ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பு, அதாவது நொடிக்கு 25 வெடிப்பு. இந்த 25தான் தலையணைக்குள் கேட்கும் அந்த அடித்தொனி. எந்த ஸ்பொஞ்சும் இதைத் தொடாது. தாழ்ந்த தொனிக்கு அலைநீளம் பல மீற்றர். இரண்டு அங்குல மெத்தை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ரப்பர் மவுண்டிங் போட்டேனே என்பீர்கள். எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் வான் எஞ்சின் மவுண்டிங்கை வாங்கிப் போடுகிறார்கள். அது இருநூறு கிலோ எஞ்சினைத் தாங்கச் செய்தது. உங்கள் ஜெனரேட்டர் சுமார் 45 கிலோ. நான்கு முனைக்கும் பிரித்தால் ஒரு முனைக்கு 11 கிலோ சொச்சம். அந்த எடைக்கு அந்த ரப்பர் அசையவே அசையாது. ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமுங்கும் அளவை மில்லிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐப் பிரித்தால் அந்த மவுண்டிங்கின் சொந்த ஆட்டம் நொடிக்கு எத்தனை என்று வரும். அரை மில்லிமீற்றர் அமுங்கினால் 22. எஞ்சினின் 25க்குப் பக்கத்தில். அப்போது ரப்பர் அதிர்வைக் குறைக்காது, பெருக்கிக் கொடுக்கும். மவுண்டிங் போட்ட பிறகு சத்தம் கூடிவிட்டது என்று சிலர் சொல்வது கற்பனை அல்ல. நான்கு மில்லிமீற்றர் அமுங்கினால் கணக்கு 8க்குக் கீழே வரும். கடத்தப்படும் அதிர்வில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுவிடும்.

ஆகவே கடையில் எந்த வாகனத்து மவுண்டிங் என்று கேட்காதீர்கள். ரப்பர்மேல் 11, 12 கிலோ எடையை வைத்து எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர் இறங்கும் மெதுவான ரப்பர் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது: ஜெனரேட்டரின் எடையைக் கூட்டுவது. 60க்கு 50 சென்ரிமீற்றர், 10 மில்லிமீற்றர் தடிப்பு இரும்புத் தகடு சுமார் 24 கிலோ வரும். ஜெனரேட்டரை அதன்மேல் இறுக்கி, தகட்டுக்குக் கீழே மவுண்டிங்கை வையுங்கள். எடை கூடுவதால் ரப்பர் கூடுதலாக அமுங்கும். எஞ்சினின் ஆட்டமும் குறையும். ஸ்பிரிங் போடுகிறவர்கள் ஸ்பிரிங்குக்குக் கீழே ரப்பர் துண்டு ஒன்றும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீச்சென்ற மேல்தொனி கம்பி வழியே இறங்கிவிடும்.

மெதுவான மவுண்டிங்கில் ஒரு தொல்லை உண்டு. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் வளைவுகளில் ஜெனரேட்டர் ஆடி ஆடிப் பக்கச் சுவரை இடிக்கும். ஓடும்போது பட்டி போட்டோ, இரண்டு பக்கமும் போல்ட் ஏற்றியோ பூட்டிவிட்டு, நிறுத்திய பிறகு அவிழ்த்துவிடும்படி செய்யுங்கள். அவிழ்க்க மறந்தால் அவ்வளவு வேலையும் வீண், அதிர்வு பூட்டு வழியாகவே பொடிக்குள் போகும். பெற்றோல் குழாய், வயர், புகைக்குழாய் மூன்றும்கூட அப்படித்தான்: ஒவ்வொன்றும் தளர்வாக, வளையக்கூடிய துண்டோடு இருக்க வேண்டும். இதெல்லாம் செய்தபின்னும் கட்டிலுக்குக் கீழேயுள்ள தகடு முனகினால், அந்தத் தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு இடத்துக்கு கார் கதவுக்குள் ஒட்டும் தார்ப் பட்டையை ஒட்டுங்கள். நடுவில் ஒட்டினால் போதும். தகடு அதிகம் துடிப்பது அங்கேதான்.

அடுத்தது புகைக்குழாய், லயத்தில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. திறந்த வகை ஜெனரேட்டரோடு வரும் சைலன்சர் ஒரு தேங்காய் அளவுதான். அதைக் கழற்ற வேண்டாம். அதன் வாயிலிருந்து வளையும் உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டு, அதற்கப்பால் ஆல்டோ போன்ற சிறிய காரின் பின் சைலன்சரை வரிசையாகப் பூட்டுங்கள். உங்கள் எஞ்சின் சுமார் 200 சி.சி.; 800 சி.சி. எஞ்சினுக்குச் செய்த சைலன்சர் அதற்குத் தாராளம், மூச்சை அடைக்காது. குழாயின் உள்விட்டம் ஓரிடத்திலும் ஜெனரேட்டரின் சொந்த வாயைவிடச் சிறுக்கக் கூடாது. இரண்டாவது சைலன்சரின் பாரத்தை பஸ்ஸின் சட்டம் ரப்பர் தொங்கலில் தாங்க வேண்டும். எஞ்சினின் வாயில் தொங்கவிட்டால் சில மாதத்தில் கேஸ்கட் போகும், பிறகு அந்தப் பிளவே புதுச் சத்தமாகும். மலைநாட்டுக் குளிரில் குழாய்க்குள் நீர் சேரும். வெளிவாயை நோக்கிச் சரிவு கொடுத்து, சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை இடுங்கள்.

புகைக்குழாயைத் தண்ணீர் வாளிக்குள் விடும் வித்தையைப் பலர் காட்டுவார்கள். சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் குழாய்க்குள் சூடான வாயு சுருங்கும்போது தண்ணீரை மேலே இழுக்கும். வாளி உயரமாக இருந்தால் தண்ணீர் சிலிண்டர் வரை போகலாம். காபன் மொனொக்சைட் தண்ணீரில் கரையாததால் அந்தப் பக்கமும் பாதுகாப்பு இல்லை.

அந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சத்தத்தைக் குறைக்கச் செய்யும் வேலைகளில் பாதி, ஆளைக் கொல்லும் வேலையாகவும் மாறலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், சோர்வு என்று வரும்; மலை வளைவில் ஏறிய மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். பெட்டிக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள சுவர் காற்றுப் புகாதபடி மூடப்பட வேண்டும், வயர் போகும் துளைகூட. பெட்டியைத் திறக்கும் கதவு வெளியே மட்டும் இருக்கட்டும். புகைக்குழாயின் வாய் பஸ்ஸின் பக்கச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு அடியில் முடியக் கூடாது, யன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். கட்டில் அருகே தலை உயரத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று கட்டாயம். இது இல்லாமல் நான் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். நமது பள்ளத்தாக்குகளில் காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்கும். பள்ளத்தில் நிறுத்திய வண்டியைச் சுற்றி புகையும் அதோடு தேங்கும்.

இனிப் பெட்டி. எடையுள்ள சுவர், உள்ளே உறிஞ்சும் பஞ்சு, வளைந்து வரும் காற்றுவழி, இவ்வளவுதான் அதன் சூத்திரம். 18 மில்லிமீற்றர் பிளைவுட்டின் உள்பக்கத்தில் தடித்த ரப்பர் ஒன்றை ஒட்டினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும், நடைமுறையில் நான்கைந்து டெசிபல் கூடுதலாக மறிக்கும். கொன்வேயர் பட்டியின் பழைய ரப்பர் இதற்கு அருமையான பொருள்; தேயிலைத் தொழிற்சாலையில் கழித்த பட்டி கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு உள்ளே 50 மில்லிமீற்றர் ரொக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு), அது உதிராமல் மேலே துளையிட்ட தகடு. ரொக்வூல் எரியாது. தும்புமெத்தை நல்ல உறிஞ்சிதான், ஆனால் எரியும். எஞ்சின் பெட்டிக்குள் எனக்கு அது வேண்டாம். புகைக்குழாய் போகும் பக்கத்தில் ரப்பரும் வேண்டாம், வெறும் தகடும் ரொக்வூலும் போதும்.

ஆனால் எவ்வளவு பாரமான சுவர் கட்டினாலும், பெட்டியின் மேற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் அந்தப் பெட்டி 20 டெசிபலுக்கு மேல் மறிக்காது. கதவு ஓரத்து இடைவெளி, வயர்த் துளை எல்லாம் சேர்ந்து அந்த ஒரு பங்கு எளிதாக வந்துவிடும். ரப்பர் பீடிங்கும் சிலிக்கனும் இன்னோர் அடுக்குப் பலகையைவிட வேலை செய்யும்.

அப்படியானால் முழுக்க மூடிவிடலாமா? முடியாது. இரண்டு கிலோவாட் எடுக்கும்போது இந்த எஞ்சின் மணிக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேல் பெற்றோல் குடிக்கும். அதிலுள்ள சக்தி பத்து கிலோவாட்டுக்குக் கிட்ட. மின்சாரமாக வருவது இரண்டு. மிச்சம் எட்டும் சூடு. புகையோடு போவது போக, சுமார் மூன்று கிலோவாட் சூடு பெட்டிக்குள்ளேயே கொட்டும். பெட்டி வெளிக்காற்றைவிட 15 பாகை மட்டும் சூடேற விட்டால், நிமிடத்துக்கு 12 கனமீற்றர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். அதற்கு வரும் வழி, போகும் வழி ஒவ்வொன்றும் 25க்கு 25 சென்ரிமீற்றர் அளவாவது வேண்டும். நுவரெலியாவில் குளிர்தானே என்று சிறிதாக்காதீர்கள். அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட சுமார் ஆறில் ஒரு பங்கு ஐதானது, சூட்டைச் சுமக்கும் திறனும் அவ்வளவு குறைவு.

இவ்வளவு பெரிய ஓட்டைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சத்தத்தை மறிப்பது? நேர் ஓட்டையாக வைக்காமல், உள்ளே ரொக்வூல் ஒட்டிய பெட்டிக்குழாயாகச் செய்து, இரண்டு இடத்தில் செங்கோணமாகத் திருப்புங்கள். வெளியே குனிந்து பார்த்தால் எஞ்சின் கண்ணில் படக் கூடாது. காற்று வளைந்து போகும். மேல்தொனி சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் பஞ்சில் மடியும். குளிர்ந்த காற்று எஞ்சினின் விசிறிப் பக்கத்தில் நுழைந்து, சைலன்சர்ப் பக்கத்தில் வெளியேறட்டும். இரண்டு வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சூட்டுக்காற்றே திரும்ப உள்ளே போகும். பெட்டித் தரையில் கீழ்நோக்கிச் சில துளைகள் வையுங்கள்: பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், கீழேதான் தேங்கும். மேலதிக பெற்றோல் கேன் அந்தப் பெட்டிக்குள் ஒருபோதும் இருக்கக் கூடாது. தயாரிப்பாளர்கள் இந்த வகை ஜெனரேட்டரை மூடிய இடத்தில் ஓட்ட வேண்டாம் என்றுதான் கையேட்டில் எழுதுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். காற்றுவழியைச் சரியாகச் செய்ய இடமில்லாவிட்டால், பெட்டி யோசனையைக் கைவிடுவதே நல்லது.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது, கொழும்பில் வண்டி கட்டுபவர்கள் கவனிக்காதது. கார்பரேட்டர் எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் சுமார் 3.5 வீதம் சக்தியை இழக்கும். எல்ல 1041 மீற்றர்: 12 வீதம் போச்சு. நுவரெலியா 1868 மீற்றர்: 20 வீதத்துக்கு மேல் போச்சு. 3 கே.வி.ஏ. என்று ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் உச்சம். தொடர்ந்து தருவது 2.5. அதில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கழித்தால் நுவரெலியாவில் உங்களிடம் இருப்பது இரண்டு கிலோவாட்டுக்குக் கீழே. பயணிகள் தேநீருக்கு மின்சாரக் கேத்தலைப் போட்டதுமே அது முழுத் திணறலில் ஓடுகிறது. த்ரொட்டில் முழுக்கத் திறந்த எஞ்சின்தான் அதிகம் கத்தும், புகைவாயாலும் காற்றுவாயாலும். அதோடு காற்று ஐதாக இருப்பதால் பெற்றோல் கலவை கூடி, பிளக் கறுத்து, கறுப்புப் புகை வந்து, எஞ்சின் ஏறி இறங்கி ஓடும். அந்த ஏற்ற இறக்கம் ஒரே சீரான சத்தத்தைவிடக் காதை அதிகம் அரிக்கும். வண்டி பெரும்பாலும் 1500 மீற்றருக்கு மேலேயே நின்றால் கார்பரேட்டரில் பெற்றோல் விடும் துளையான ஜெட்டை உயரத்துக்கேற்ற சிறியதாகப் போடலாம். கொழும்புக்கு இறங்கும்போது பழையதை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கலவை குறைந்து எஞ்சின் சூடேறும். மேலும் கீழும் ஓடும் வண்டிக்கு ஜெட்டை விட்டுவிட்டு பாரத்தைக் குறைப்பதே புத்தி.

பாரத்தைக் குறைக்க முடியுமா என்றால், இங்கே மிக எளிது. வெளிநாட்டு மோட்டர்ஹோம்களில் ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடுவது ஏசிக்காக. நுவரெலியாவில் யாருக்கு ஏசி? உங்கள் மின்சாரத்தைத் தின்பது கேத்தலும் குளிக்கும் சுடுநீரும்தான். இரண்டையும் காஸுக்கு மாற்றுங்கள். காஸ் கீஸரை வெளிப்பக்கம் புகை போகும் வகையாக வாங்குங்கள், குளியலறைக்குள் திறந்த வகை வேண்டாம், அங்கேயும் அதே விஷவாயு. மிஞ்சுவது 12 வோல்ட் பிரிட்ஜ், வெளிச்சம், போன், லப்டொப். ஒரு இரவுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) வராது. 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பொஸ்பேட் பெட்டரி ஒன்றில் இரண்டரை யூனிட் இருக்கிறது. பஸ்ஸின் ஓல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் டிசி சார்ஜர் போட்டால், கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும் இரண்டரை மூன்று மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். இடம் மாறாத நாளில் மட்டும் ஜெனரேட்டரை ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். 60 ஆம்பியர் சார்ஜர் 850 வாட் அளவுதான் எடுக்கும், எஞ்சின் பாதிப் பாரத்தில் அமைதியாகப் போகும். மலைநாட்டில் சூரியத் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், மூடுபனி வாரத்தில் அது கைவிடும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை மாலை நாலரைக்கு முன்பே தொடங்குங்கள். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் காலை 6 முதல் மாலை 6 வரை பகலாகவும் மிச்சத்தை இரவாகவும் எடுக்கின்றன. பிரதேச சபைப் பகுதியில் எல்லையில் அளக்கும் சத்தம் பகலில் 55, இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. மாநகர, நகர சபைப் பகுதியில் 63, 50. தோட்டங்கள் பெரும்பாலும் பிரதேச சபைக்குள். இப்போது கணக்குப் போடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். ஏழு மீற்றரில் 68 என்றால், 14இல் 62, 28இல் 56, 56 மீற்றரில் 50. இரவு 45க்கு வர நூறு மீற்றர் தள்ளிப் போனாலும் மயிரிழைதான். உங்களை ஏசியவர்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. அதை விடுங்கள்; விடியக்காலம் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) எழும்புகிற சனம் அது.

மேலும் மலையில் இந்தக் கணக்கே பொய்த்துவிடும். தெளிந்த இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது சூடாக இருக்கும்போது சத்தம் மேலே போகாமல் கீழ்நோக்கி வளையும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர் மலையில் இருக்கும் லயத்துக்கு இடையில் ஒரு மறைப்பும் இல்லை. தேயிலைச் செடி இடுப்பளவு, அது எதையும் மறிக்காது. யூகலிப்டஸ் வரிசையும் கண்ணுக்கு மறைப்பே தவிர காதுக்கு அல்ல. மறிப்பது மண். ஜெனரேட்டருக்கும் கேட்பவருக்கும் இடையில் பார்வைக்கோடு அறுந்தாலே 5 டெசிபல் போகும், நல்ல மண்மேடு என்றால் 10 வரை. ஆனால் ஜெனரேட்டர் பஸ்ஸுக்குள்ளேயே ஓடும்போது பின்பக்கத்தை மண்மேட்டில் ஒட்டி நிறுத்தாதீர்கள், புகை மேட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சிக்கும். மண்மேட்டு வித்தை ஜெனரேட்டரை இறக்கி அப்பால் வைப்பவர்களுக்கு. இருபது மீற்றர் 2.5 சதுர மில்லிமீற்றர் கேபிளில் வோல்ட் நட்டம் பெரிதாக ஒன்றும் இருக்காது. மழைக்கு மேலே கூரை மட்டும் போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். பஸ்ஸின் ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவில் தானாக நிறுத்தும் சுவிட்ச்) ஜெனரேட்டரில் வேலை செய்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நியூட்ரலும் ஏர்த்தும் இணைக்கப்படாத ஜெனரேட்டரில் அது பெயருக்கு மட்டும் இருக்கும்.

45 கிலோவை யார் இறக்கி ஏற்றுவது என்பீர்கள். நியாயம். என்னைக் கேட்டால் பெட்டரியைப் போட்ட பிறகு 3 கே.வி.ஏ.யை விற்றுவிட்டு, 2 கே.வி.ஏ. இன்வேர்ட்டர் வகையை வாங்குவேன். இருபது கிலோ சொச்சம், ஒரு கையில் தூக்கலாம், பாரம் குறைந்தால் சுற்றும் தானாகக் குறையும். 850 வாட்டுக்கு அது முணுமுணுக்கும், அவ்வளவுதான். அப்போது நான் மேலே சொன்ன பெட்டியும் மவுண்டிங்கும் தேவையே படாமல் போகலாம். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஜப்பானில் பாவித்து இறக்கப்பட்ட இன்வேர்ட்டர் ஜெனரேட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, மெஷினும் நல்லது, ஆனால் அவை தருவது 100 வோல்ட். உங்கள் பெட்டரி சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அது போதும், தாராளமாக வாங்குங்கள். 220 முதல் 240 என்று மட்டும் இருந்தால், ஒன்று சார்ஜரை மாற்ற வேண்டும், இல்லை 230 வோல்ட் மெஷினையே தேட வேண்டும்.